மதிப்புரைகளை மதிப்பிடுமாறு

மனிதன் தன் வாழ்நாளில் அடையும் அறிவிற் பெரும்பகுதி பிறர் சொல்லக் கேட்டு அடைவதேயாகும். மருந்தின் குணத்தை மருத்துவர் சொல்லாலும், அறியாத ஊரின் வழியை வழிப்போக்கர் சொல்லாலும், தன் பிறந்த நாளைப் பெற்றோர் சொல்லாலுமே அவன் அறிகின்றான். இதுபற்றியே நம் தருக்க நூலார் காட்சி, கருதல், உவமை என்னும் அளவைகளோடு உரையளவையையும் ஒன்றாக வைத்து எண்ணினர். ஆயினும் எல்லார் உரையையும் அவர் அளவையாகக் கொண்டாரல்லர். ஆப்தன் உரையையே கொண்டனர். ஆப்தனாவான் யாவன்? பொருளை உள்ளவாறு அறிந்தவனும், அறிந்தவாறே பிறர்க்குச் சொல்லும் விருப்பமுடையவனும் ஆவான். அறிவும் மெய்ம்மையும் ஆகிய இவ்விரண்டும் கூடியவிடத்தே நம்பிக்கைக்கு இடமுண்டு. அறிந்தும் மறைப்பவன் உரையும், மறைக்க எண்ணாதவனாயினும் அறியாதவன் உரையும் நம்மைக் குழியில் வீழ்த்துதலில் ஒப்பனவே.

இவ்வுரையளவையைப் பொதுமக்கள் இக்காலத்தில் மிகுதியாகக் கையாளுமிடங்களுள் ஒன்று இணையத்தின்கண் அமைந்த அங்காடி. அங்கே சரக்கைக் கையால் தொட்டுப் பார்த்தற்கில்லை. வியாபாரியின் முகத்தை நோக்குதற்கும் இல்லை. முன்னரே அப்பொருளை வாங்கினோர் எழுதிய சில வரிகளும், ஒன்று முதல் ஐந்து வரை அவர் இட்ட நட்சத்திரங்களுமே வாங்குவோனுக்குத் துணையாகின்றன. இவற்றை நுகர்வோர் மதிப்புரை என்கின்றோம். இவற்றைப் படிப்போர் பலர், எழுதுவோர் சிலர். அச்சிலருள்ளும் இடைவிடாது எழுதிப் பழகிய ஒருவர், தாம் ஒரு பொருளை வாங்கப் புகும்போது பிறர் மதிப்புரைகளை எவ்வாறு நிறுத்துப் பார்க்கின்றார் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பொன்னின் மாற்றைப் பொற்கொல்லன் அறிவதுபோல, மதிப்புரை உண்டாகும் விதத்தை அறிந்தவரே அதன் மாற்றையும் அறிவர்.

இம்முறை நமக்கு முற்றிலும் புதிதன்று. நூலாசிரியன் தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளுதல் தகாதென்பது நன்னூலின் விதி. ஆதலின் சிறப்புப்பாயிரம் பிறராற் செய்யப்படவேண்டும். அப்பிறரும் இன்னாரென்று வரையறுக்கப்பட்டனர். நூலாசிரியனுக்கு ஆசிரியன், அவனோடு உடன் கற்றோன், அவன் மாணாக்கன், அந்நூலுக்குத் தகுந்த உரை செய்வோன் என்னும் நால்வரும் அதற்குரியர். இந்நால்வரும் ஆசிரியனையும் நூலையும் நன்கறிந்தவர் என்பதில் ஐயமில்லை; அன்பினாற் கட்டுண்டவர் என்பதும் மறுக்கற்பாலதன்று. 19-ஆம் நூற்றாண்டில் அச்சேறிய தமிழ் நூல்களின் முன்னே வரிசையாய் நிற்கும் சாற்றுக்கவிகளைக் கண்டோர், அவற்றால் நூலின் குணத்தை அறிதல் அரிது, நூலாசிரியரின் நண்பர் யாரென அறிதல் எளிது என்பதை உணர்வர். பின்னர்ப் பத்திரிகைகள் தோன்றி, வந்த நூல்களைப் படித்து மதிப்புரை எழுதும் வழக்கத்தை வளர்த்தன. அம்மதிப்புரைகளுக்குப் பத்திரிகையின் நற்பெயர் பிணையாக நின்றது.

1995-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் புத்தகக் கடையாகத் தொடங்கிய அமேசான், வாசகர் எவரும் மதிப்புரை எழுதலாமென்று இடங்கொடுத்தது. வாசல் அகலத் திறந்தது. உடன்வந்த நன்மை பெரிது. பண்டிதர் மட்டுமே பேசிய சபையில் பாமரரும் தாம் கண்டதைக் கூறலாயினர். ஆனால் பழைய பிணை நீங்கிற்று. எழுதியவர் யார், நூலாசிரியருக்கு அவர் யாது உறவு என்பன மறைந்தன. 2004-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அமேசானின் கனடா நாட்டுத் தளத்தில் நேர்ந்த ஒரு கோளாற்றினால், பெயர் மறைத்து எழுதியிருந்தோரின் உண்மைப் பெயர்கள் வெளிப்பட்டன. நூலாசிரியர் சிலர் தம் நூலைத் தாமே வானளாவப் புகழ்ந்து ஐந்து நட்சத்திரம் இட்டிருந்தமை அப்போது உலகறிந்த செய்தியாயிற்று. நன்னூலார் விலக்கிய தற்புகழ்ச்சி முகமூடி அணிந்து வந்ததென்க.

இனி, பழகிய மதிப்புரையாளர் பிறர் உரையை எடுத்தவுடன் முதலிற் கேட்கும் வினா, ‘இவர் இப்பொருளை அறிந்தவரா?’ என்பது. பொதியைப் பிரித்த மாலையிலேயே ‘மிகச் சிறந்த பொருள்’ என்று எழுதிவிடுவோர் மிகப் பலர். அவர் பொய்யர் அல்லர். ஆயினும் அவர் அறிந்தது பெட்டியின் அழகும் பொருளின் நிறமுமே. குக்கரின் ரப்பர் வளையம் ஆறு திங்கள் தாங்குமா, செருப்பின் அடி ஒரு மழைக்காலத்தைக் கடக்குமா, மின்விசிறி ஓராண்டு சென்றபின் ஓசையிடுமா என்பனவற்றை அவர் எவ்வாறு அறிவர்? ஆதலின் மதிப்புரையாளர், பொருளை எத்தனை காலம் ஆண்டபின் எழுதினார் என்பதை நோக்குகின்றார். ‘வாங்கி எட்டு மாதமாயிற்று, மூடியின் கைப்பிடி மட்டும் தளர்ந்தது’ என்னும் ஒரு வரி, அன்றே எழுதப்பட்ட ஐம்பது புகழுரைகளினும் அவருக்குக் கனமாகத் தோன்றுகின்றது.

இகழ்ச்சியுரைகளிலும் இவ்வினா வேண்டற்பாலதே. ஒரே நட்சத்திரம் இட்டோரின் உரைகளைப் படிப்போமாயின், பொதி மூன்று நாள் தாமதமாக வந்ததென்றும், கொண்டுவந்தவர் கடுமையாகப் பேசினாரென்றும், தாம் கேட்ட நிறம் வரவில்லையென்றும் எழுதியவை கலந்து கிடக்கக் காண்போம். இவை மெய்யான குறைகளேயாயினும் பொருளின் குறைகள் அல்ல. ஜூடித் செவாலியர், டினா மேஸ்லின் என்னும் பேராசிரியர் இருவர் இணையத்தில் விற்கப்பட்ட புத்தகங்களைப் பற்றி 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஐந்து நட்சத்திர உரை விற்பனையை உயர்த்துவதினும் ஒரு நட்சத்திர உரை அதனைத் தாழ்த்துவது மிகுதி என்று கண்டனர். புகழை விலைக்கு வாங்கலாம் என்னும் ஐயம் யாவர்க்கும் உண்டு. ஆகவே இகழ்ச்சியை எளிதில் நம்புகின்றோம். அவ்வெளிமையே அபாயம். எதைப்பற்றிய இகழ்ச்சி என்று பிரித்தறியாமல் அஞ்சுவோன், நல்ல பொருளை இழந்துவிடுகின்றான்.

இரண்டாவது வினா, ‘இவர் உண்மையைச் சொல்ல விரும்புகின்றவரா?’ என்பது. இதற்கு விடை காண்டல் முன்னையதினும் கடினம். பொய்யுரையின் உருவம் பலவாதலின். லண்டன் மாநகரில் ஊபா பட்லர் என்னும் எழுத்தாளர் 2017-ஆம் ஆண்டில் செய்ததொரு சோதனையை ஈண்டுக் கூறுதல் தகும். டல்விச் பகுதியில் தாம் குடியிருந்த தோட்டக் கொட்டகையை ஓர் உணவகமென்று டிரிப்அட்வைசர் தளத்தில் அவர் பதிவு செய்தார். முகச்சவரத்துக்குரிய நுரை முதலியவற்றால் உணவு போன்ற உருவங்களைச் சமைத்துப் படமெடுத்தார். நண்பர்களைக் கொண்டு புகழுரைகள் எழுதுவித்தார். உணவே பரிமாறப்படாத அவ்விடம், சில திங்களுள் அத்தளத்தின் லண்டன் உணவகப் பட்டியலில் முதலிடம் பெற்றது. இடம் வேண்டி அழைத்தோர்க்கெல்லாம் ‘நாள் ஒன்றும் ஒழிவில்லை’ என்ற விடையே கிடைத்தது. அவ்விடையே புகழை மேலும் வளர்த்தது. பலர் சொல்லுகின்றனர் என்பது ஒன்றே உண்மைக்கு அடையாளமாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

பொய்யுரை எங்கே பிறக்கின்றது என்பதையும் அறிஞர் ஆராய்ந்துள்ளனர். மைக்கேல் லூக்கா, ஜார்ஜியோஸ் செர்வாஸ் என்னும் இருவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து உணவகங்களுக்கு யெல்ப் தளத்தில் எழுதப்பட்ட மதிப்புரைகளை ஆராய்ந்து 2016-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவற்றுள் நூற்றுக்குப் பதினாறு அளவில் அத்தளத்தின் வடிகட்டியால் ஐயத்துக்குரியனவென்று ஒதுக்கப்பட்டிருந்தன. ஒதுக்கப்பட்ட யாவும் பொய்யென்று கொள்ளுதற்கில்லை; வடிகட்டியும் பிழை செய்யும். எனினும் அவற்றின் போக்கு கருதத்தக்கது. மதிப்புரைகள் சிலவே பெற்றிருந்த உணவகங்களுக்கும், அண்மையில் இகழ்ச்சி அடைந்த உணவகங்களுக்கும் ஐயத்துக்குரிய புகழுரைகள் மிகுதியாக வந்தன. கிளைகள் பல உடைய பெருநிறுவனங்களுக்கு அவை குறைவாக இருந்தன. போட்டி கடுமையான இடங்களில் ஐயத்துக்குரிய இகழ்ச்சியுரைகள் மிகுந்தன. வறுமையும் அச்சமும் போட்டியும் பொய்க்குத் தாய்மார் என்பது இவ்வகையிலும் விளங்குகின்றது.

பிறிதோர் ஆராய்ச்சி, முன்னர்க் கூறிய மேஸ்லின், செவாலியர் என்போர் யானிவ் டோவர் என்பவரோடு கூடி 2014-ஆம் ஆண்டில் வெளியிட்டது. அமெரிக்க ஹோட்டல்களுக்கு இரண்டு தளங்களில் எழுதப்பட்டவற்றை அவர்கள் ஒப்பிட்டனர். எக்ஸ்பீடியாவில் அத்தளத்தின் வழியாகப் பணங்கொடுத்துத் தங்கியவரே எழுதக்கூடும். டிரிப்அட்வைசரில் எவரும் எழுதக்கூடும். பொய்யெழுதுதற்குச் செலவு ஓரிடத்தில் அதிகம், மற்றோரிடத்தில் இல்லை என்றே சொல்லலாம். தனியொருவருக்கு உரிய சிறு ஹோட்டலின் அயலிலுள்ள ஹோட்டல்களுக்கு, எக்ஸ்பீடியாவினும் டிரிப்அட்வைசரில் இகழ்ச்சியுரைகள் மிகுதியாக இருந்தன. அயலான் பேனா அங்கே புகுந்தது என்பதே அவர்கள் கொண்ட முடிபு. ஆகவே, ‘வாங்கியமை உறுதி செய்யப்பட்டது’ என்னும் குறிப்புக்கு மதிப்பு உண்டு. ஆனால் அக்குறிப்பு வாங்கினமைக்கே சான்று. வாங்கினவர் மனத்துக்குச் சான்றாகாது. விலையைத் திருப்பித் தருவோமென்று வியாபாரி சொல்ல, அதன்பொருட்டு வாங்கினவரும் உண்டு.

முழுப்பொய்க்கும் முழுமெய்க்கும் இடையே கிடக்கும் வெளியைப் பழகிய மதிப்புரையாளர் பிறரினும் நன்கறிவார். இனாமாகப் பெற்ற பொருளைப்பற்றி எழுதுவோன் பொய் சொல்ல எண்ணாவிட்டாலும், கொடுத்தவன் முகம் அவன் கண்முன் நிற்கும். குறையைக் கூறும் சொல் தானே மெலிந்துவிடும். இதனையுணர்ந்தே அமேசான் 2016-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், இனாமாகவோ தள்ளுபடியிலோ பொருள் பெற்று அதற்கு ஈடாக மதிப்புரை எழுதுதலை, தானே நடத்தும் ஓர் ஏற்பாடு நீங்கலாக, விலக்கியது. அச்சமும் இவ்வாறே சொல்லை மெலிவிக்கும். இபே என்னும் ஏலத்தளத்தில் வாங்குவோரும் விற்போரும் ஒருவரையொருவர் மதிப்பிடும் வழக்கம் இருந்தது. ‘நீ என்னை இகழ்ந்தால் நான் உன்னை இகழ்வேன்’ என்னும் பயத்தால் குறைகண்டவரும் வாய் திறவாதிருந்தனர். 2008-ஆம் ஆண்டில் விற்போர் வாங்குவோரை இகழ்ந்தெழுதும் உரிமையை அத்தளம் நீக்கியது. எழுதுவோன் எதை நம்பி எழுதுகின்றான், எதற்கு அஞ்சி எழுதுகின்றான் என்று அறிவதே அவன் சொல்லை எடைபோடுதற்கு முதற்படி.

மூன்றாவது வினா, ‘இது இவருடைய சொந்த வாக்கா?’ என்பது. ஆயிரவர் ஒரே கருத்தைச் சொன்னாலும், முதல்வன் சொன்னதை ஏனையோர் வழிமொழிந்தனராயின், அங்கே சாட்சி ஒருவனேயாவான். லெவ் முச்னிக், சினான் ஆரல், ஷான் டெய்லர் என்போர் செய்து ஸயன்ஸ் பத்திரிகையில் 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிசோதனை இதனை நன்கு காட்டுகின்றது. செய்தித்தளமொன்றில் வாசகர் எழுதிய 1,01,281 குறிப்புகளை அவர்கள் எடுத்துக்கொண்டனர். அவற்றுட் சிலவற்றுக்கு, அவை வெளிவந்தவுடனே, பாராட்டு வாக்கு ஒன்றைத் தாமே சேர்த்தனர். வேறு சிலவற்றுக்கு எதிர்வாக்கு ஒன்றைச் சேர்த்தனர். எஞ்சியவற்றை வாளா விட்டனர். பாராட்டு வாக்குப் பெற்ற குறிப்பை அடுத்துக் கண்டவர் தாமும் பாராட்டும் வாய்ப்பு நூற்றுக்கு 32 பங்கு உயர்ந்தது. முடிவில் அக்குறிப்புகளின் மொத்த மதிப்பு சராசரியாக நூற்றுக்கு 25 பங்கு உயர்ந்து நின்றது. எதிர்வாக்கின் விளைவையோ பின்வந்தோர் பெரும்பாலும் திருத்திவிட்டனர். ஒருவன் புகழ்ந்ததைப் பின்பற்றிப் புகழுதல் மனித இயற்கையென்பது இதனாற் புலனாகும். ஆதலின் பழகிய மதிப்புரையாளர், தாம் எழுத நேரும்போது பிறர் உரையைப் படியாமலே எழுதுவர். பிறர் எழுதியதைப் படிக்கும்போது ஒரே சொல், ஒரே புகழ், ஒரே வரிசை மீண்டும் மீண்டும் வருதலைக் கண்டால் அவற்றை ஒன்றாகவே எண்ணுவர்.

நட்சத்திரங்களின் சராசரியைப்பற்றியும் சில கூறவேண்டும். பெரும்பாலார் அதனையே நம்பி வாங்குகின்றனராதலின். ஐவர் எழுதிய பொருளொன்றுக்குச் சராசரி 4.8 என்றும், தொள்ளாயிரவர் எழுதிய மற்றொன்றுக்கு 4.3 என்றும் கொள்வோம். கண்ணுக்கு முன்னதே மேலாகத் தோன்றும். ஆறாவதாக ஒருவர் வந்து ஒரு நட்சத்திரம் இட்டால், 4.8 என்பது 4.2-க்கு அருகில் இறங்கிவிடும். தொள்ளாயிரத்தொன்றாவது ஆள் ஒரு நட்சத்திரம் இட்டாலும் 4.3 அசைவதில்லை. சிலர் சொல்லாற் பிறந்த உயர்ச்சி காற்றடித்தால் சாயும். இன்னும், மூன்று நட்சத்திரச் சராசரி நடுத்தரமான பொருளைக் குறிக்குமென்று எண்ணுதல் கூடாது. பாதிப்பேர் ஐந்தும் பாதிப்பேர் ஒன்றும் இட்டாலும் சராசரி மூன்றேயாகும். அப்பொருள் நடுத்தரமன்று, சிலருக்கு நன்றாகவும் சிலருக்குப் பழுதாகவும் வருவது. அதனை வாங்குதல் சீட்டெடுத்தலை ஒக்கும்.

அன்றியும், ஹூ, பாவ்லூ, ஜாங் என்னும் ஆராய்ச்சியாளர் 2009-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டியபடி, இவ்வகை மதிப்புரைகளில் ஐந்து நட்சத்திரம் மிகப் பல. ஒரு நட்சத்திரம் சில. இடைப்பட்டன மிகக் குறைவு. காரணம் இரண்டு. பொருளை விரும்புவோரே பெரும்பாலும் அதனை வாங்குகின்றனர். வாங்கினோருள்ளும் மிக மகிழ்ந்தவரும் மிக வெகுண்டவருமே எழுத முற்படுகின்றனர். ‘குற்றமில்லை, குணமும் பெரிதில்லை’ என்று கருதியவர் பேசாதிருந்துவிடுகின்றனர். ஆகவே நாம் படிப்பது வாங்கினோர் அனைவரின் கருத்தன்று. எழுதத் தூண்டப்பட்டோரின் கருத்தே. இதனையறிந்த மதிப்புரையாளர், மூன்றும் நான்கும் இட்டோரின் உரைகளைத் தேடிப் படிக்கின்றார். மகிழ்ச்சியும் கோபமும் அடங்கிய உள்ளத்தினின்று எழுந்தவையாதலின், குணமும் குற்றமும் ஒருங்கே அவற்றிற் காணப்படும்.

இனி, சொல்லை மட்டும் நோக்கிப் பொய்யை மெய்யினின்று பிரித்தறியக் கூடுமோ என்று வினவலாம். கார்னெல் சர்வகலாசாலையைச் சேர்ந்த மைல் ஓட் முதலிய நால்வர் 2011-ஆம் ஆண்டில் இதனைச் சோதித்தனர். சிகாகோ நகரத்து ஹோட்டல்கள் இருபதைப்பற்றி மெய்யான மதிப்புரைகள் நானூறும், கூலிக்கு எழுதுவிக்கப்பட்ட பொய்யுரைகள் நானூறும் திரட்டினர். அவற்றிற் சிலவற்றைப் படித்துப் பிரிக்க முயன்ற மனிதருள் மிகத் திறமையானவரும் நூற்றுக்கு 62 அளவிலேயே சரியாகச் சொன்னார்; கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் ஐம்பது சரியாகும் என்பதை நினைவிற் கொள்க. சொற்களை எண்ணிப் பயின்ற கணினியோ நூற்றுக்குத் தொண்ணூறு அளவில் சரியாகப் பிரித்தது. அது கண்ட வேறுபாடு யாது? மெய்யாகத் தங்கியவர் அறையின் சிறுமை, குளியலறை, தளம், இருப்பிடம் என இடத்தைப்பற்றிய விவரங்களைக் கூறினர். தங்காதவர் தாம் யாருடன் சென்றனர், எதன்பொருட்டுச் சென்றனர் என்பவற்றையும், ‘நான்’ ‘எனக்கு’ என்பவற்றையும் மிகுதியாக எழுதினர். கண்டவனிடம் சொல்ல இடமுண்டு. காணாதவனிடம் சொல்லத் தன் கதையே உண்டு.

தானியேல் ஆகமத்தைச் சார்ந்ததாக வழங்கும் சூசன்னாளின் சரித்திரத்தை நம்மிற் பலர் அறிவோம். குற்றமற்ற பெண்ணின்மேல் முதியோர் இருவர் பழிசுமத்தினர். தானியேல் அவ்விருவரையும் தனித்தனியே நிறுத்தி, நிகழ்ச்சி எந்த மரத்தின்கீழ் நிகழ்ந்ததென்று வினவினார். ஒருவர் ஒரு மரத்தையும் மற்றவர் வேறொரு மரத்தையும் கூறவே பொய் வெளிப்பட்டது. இதில் இரண்டு உபாயங்கள் அடங்கியுள்ளன: சாட்சிகளைத் தனித்தனியே கேட்டல், பொதுச் சொல்லை விட்டு விவரத்தைக் கேட்டல். மதிப்புரையாளர் கையாளுவன இவ்விரண்டுமே. ‘அருமை’, ‘மோசம்’ என்னும் தீர்ப்புகளை அவர் ஒதுக்கிவிடுகின்றார், விவரங்களை வைத்துக்கொள்கின்றார். வேறு வேறு காலத்தில், வேறு வேறு நடையில் எழுதிய மூவர் ஒரே விவரத்தை, ‘இச்செருப்பு குறித்த அளவினும் சிறியது’ என்பது போலக் கூறுவாராயின், நட்சத்திரம் எத்தனையாயினும் அதனை நம்புகின்றார்.

எனினும் இவ்வுபாயமும் இப்போது சோதனைக்கு உள்ளாகியுள்ளது. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் சாட்ஜிபிடி வெளியானபின், காணாத இடத்தின் விவரங்களையும் கண்டதுபோல எழுதித் தரும் இயந்திரங்கள் பலர் கைக்கு வந்தன. குளியலறையின் சிறுமையையும் சாளரத்தின் வழியே கேட்ட ஓசையையும் அவை புனையவல்லன. ஆகவே ஓர் உரையைத் தனியே எடுத்து ஆராய்வதினும், எழுதியவரின் பிற உரைகளோடு சேர்த்து ஆராய்தல் இன்றியமையாததாயிற்று. ஒரே நாளில் இருபது பொருள்களுக்கு ஐந்து நட்சத்திரம் இட்டவரா? ஒரே நிறுவனத்தின் சரக்குகளையே புகழ்பவரா? அன்றிப் பல ஆண்டுகளாகப் புகழ்ந்தும் இகழ்ந்தும், சில வேளைகளில் தம் முன்னைக் கருத்தைத் திருத்தியும் எழுதி வந்தவரா? நாம் முன்னமே ஆண்டு அறிந்த பொருளொன்றைப்பற்றி இவர் யாது கூறினார்? அங்கே உண்மை கூறியிருந்தாராயின், நாம் அறியாத பொருளிலும் அவரை ஓரளவு நம்பலாம். ஆப்தனை ஒருநாளில் அறிய இயலாது, பழகியே அறியவேண்டும்.

இவற்றோடு நாலாவது வினா ஒன்றும் உண்டு: ‘இவர் தேவை என் தேவையா?’ அறிந்தவராயும் மெய்யராயும் இருக்கும் ஒருவர், இருவருள்ள குடும்பத்துக்கு வாங்கிய மிக்ஸியைப் புகழ்வாராயின், பதின்மருக்கு அரைக்கவேண்டிய வீட்டுக்கு அப்புகழ் பயன்படாது. காரம் விரும்பாதவர் ஓர் உணவகத்தை இகழ்ந்து ‘உணவு எரிகின்றது’ என்று எழுதினால், காரம் விரும்புவோனுக்கு அதுவே அழைப்பாகும். தீர்ப்பைத் தள்ளி விவரத்தைக் கொள்ளுவதன் பயன் இங்கே முழுதும் விளங்கும்.

இத்துணை ஆராய்ச்சி ஒரு குக்கருக்கும் ஒரு வேளை உணவுக்கும் வேண்டுமோ என்று சிலர் நகைக்கலாம். வாங்குவோனுக்கு நேரும் நட்டம் சிறிதாகலாம். விற்போனுக்கு நேருவது சிறிதன்று. மைக்கேல் லூக்கா சியாட்டில் நகரத்து உணவகங்களின் வருமானத்தை யெல்ப் மதிப்பீட்டோடு ஒப்பிட்டு 2011-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரு நட்சத்திரம் உயர்ந்தால் வருமானம் நூற்றுக்கு 5 முதல் 9 வரை உயர்கின்றதென்று கண்டார். இவ்விளைவு தனியார் நடத்தும் உணவகங்களுக்கே உரியது. எங்கும் கிளைபரப்பிய நிறுவனங்களுக்கு இல்லை. காரணம் வெளிப்படை. பெருநிறுவனத்தின் பெயரை யாவரும் முன்னரே அறிவர். தெருமுனையில் அடுப்பு மூட்டியிருக்கும் ஏழைக்கோ பிறர் சொல்லே பெயர். நேர்மையாகச் சமைப்பவனுக்கு மெய்யுரை சோறிடுகின்றது. அயலான் கூலிக்கு எழுதுவித்த பொய்யுரை அவன் அடுப்பை அவிக்கின்றது.

ஆதலினாலேயே அரசாங்கங்களும் இதில் கருத்துச் செலுத்தலாயின. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், மதிப்புரைகளைத் திரட்டுதல், சரிபார்த்தல், வெளியிடுதல் ஆகியவற்றுக்கு ஐஎஸ் 19000 என்னும் தரத்தை வெளியிட்டது. தொடக்கத்தில் அது தளங்கள் விரும்பிக் கைக்கொள்ளுதற்குரியதாகவே அமைந்தது. அமெரிக்காவில் பொய் மதிப்புரைகளை விற்றலையும் வாங்கலையும் தடுக்கும் விதி 2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனில் 2024-ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி அத்தகைய தடை 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் நடைபெறுகின்றது. சட்டம் பொய்யனைத் தண்டிக்கும்; மெய்யனைப் பேசச் செய்ய அதனால் இயலாது. அது நம் கடமை.

பொய்யுரை மிகுந்ததென்று கண்டு எதனையும் நம்பேன் என்பவனும் ஏமாந்தவனே; மெய்யுரைத்தோர் பலரின் உழைப்பை அவன் வீணாக்குகின்றான். திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்றே ஓர் அதிகாரம் உண்டு. தெரிதல் முன்னும் தெளிதல் பின்னுமாக அப்பெயர் அமைந்திருத்தலை மாணவர் கருதுக. ஆராயாது நம்புதல் பேதைமை; ஆராய்ந்தபின்னும் நம்பாமை மற்றொரு பேதைமை. மேலே கூறிய நான்கு வினாக்களும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியைக் காட்டுவன.

அவ்வினாக்களைப் பிறர்மேல் ஏவுவோன் தன்மேலும் ஏவவேண்டும். ஒரு பொருளை ஆண்டு அறிந்தபின், இனாமும் அச்சமும் கோபமும் நீங்கி, பிறர் சொன்னதைப் பின்பற்றாது, தன் தேவை இன்னதென்று கூறி, கண்ட விவரத்தைக் கண்டவாறே எழுதுவானாயின், முன்பின் அறியாத ஒருவனுக்கு அவன் ஆப்தனாகின்றான். மகிழ்ந்தவரும் வெகுண்டவருமே பேசும் சபையில், நடுநின்று கண்டவர் வாய்திறவாமையே பெருங்குறையென்று மேலே கண்டோம். கல்வி கற்றோர் அக்குறையைத் தீர்ப்பதற்கு நேரும் செலவு சில வரிகளே.